பதினெட்டாயிரம் ரூபாய்க்கு நான்கு வருடத் திட்டம்: ஈரோட்டு ஆலோசனை மையம் ஒன்றுக்குப் போய் வந்த கதை

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேக்கேஜ் வேண்டாம். தனி அமர்வு மட்டும் எடுங்கள், அதையும் கணக்கு வாத்தியார் வருகிற நாளாகப் பார்த்து எடுங்கள். மற்றதெல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது, இல்லாவிட்டால் தேவையே இல்லை.

மையத்தின் பெயரைப் போடவில்லை. ஈரோடு, திருப்பூர், கோயமுத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மாடிக்கு ஒன்று இப்படித் திறந்து வைத்திருக்கிறார்கள், வசூலும் பேச்சும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் இதைப் படித்துவிட்டு உங்கள் ஊரில் இருப்பதற்கும் பொருத்திக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பிலேயே பிடித்து, எந்தப் பாடத்தில் எவ்வளவு கவனம், பிளஸ் ஒன்னில் எந்த குரூப், எந்த நுழைவுத் தேர்வு, எந்தக் கல்லூரி என்று பிளஸ் டூ முடியும் வரைக்கும் திட்டம் போட்டுத் தருவதுதான் தொழில். நாங்கள் சென்னிமலை. சொந்தத் தறி வைத்து ஓட்டுகிறோம். மகள் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாவது முடிக்கப் போகிறாள், தங்கை மகன் அரசுப் பள்ளியில் பத்தாவது. இரண்டு பேரையும் ஒன்றாகவே கூட்டிப் போனோம், ஒரு செலவில் இரண்டு வேலை ஆகட்டுமே என்று.

பேக்கேஜ் 18,000. தனி அமர்வு என்றால் 1,500. இந்த இரண்டாவது விஷயத்தை அவர்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். கேட்டதும் 'கல்வி ஆலோசகர்' என்று கழுத்தில் அட்டை மாட்டியிருந்த பெண்ணின் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனாலும் மறைக்காமல் சொன்னார். பேக்கேஜில் ஒரு திறனறி சோதனை, நான்கு வருட அட்டவணை, வாட்ஸ்அப் குரூப், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனில் பேச்சு, கடைசியில் இன்ஜினியரிங் கவுன்சலிங் நேரத்தில் கல்லூரிகளை வரிசைப்படுத்தித் தருவது, எல்லாம் அடக்கம். தனி அமர்வில் அட்டவணை மட்டும்தான், அதுவும் வாத்தியார் எதிரில் உட்கார்ந்து கையால் எழுதித் தருவது.

திறனறி சோதனை பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து உங்களுக்குக் கூட்டமாக இருப்பது பிடிக்குமா தனியாக இருப்பது பிடிக்குமா என்கிற ரகத்தில் வரிசையாகக் கேள்விகள், முடிந்ததும் வண்ண வண்ண வட்டங்களோடு ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை. மாதிரிக்கு என்று எங்கள் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பாதிச் சோதனையை இலவசமாக வைத்தார்கள். இவளுக்கும் அவனுக்கும் குணத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம், அறிக்கை மட்டும் அண்ணன் தங்கை மாதிரி இருந்தது. இரண்டு பேருக்குமே தலைமைப் பண்பு இருக்கிறதாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

விஷயம் வாத்தியாரிடம்தான் இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பெரிய வெள்ளைத்தாளை மேஜை மேல் விரித்து, மேலே 9, 10, +1, +2 என்று நான்கு கட்டம் போட்டுவிட்டு, எழுத ஆரம்பித்தது என்னவோ கடைசிக் கட்டத்தில். கல்லூரியில் சீட் எதை வைத்துக் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் ஒன்பதாவதில் என்ன படிப்பது என்று பேசி என்ன பயன் என்பது அவர் கட்சி. அங்கிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் வந்தார்.

கட்-ஆஃப் விஷயம் எல்லோருக்கும் தெரிந்த மாதிரிதான் நாமும் பேசுகிறோம். இன்ஜினியரிங்குக்கு 200, அதில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இதை எல்லாரும் சொல்லுவார்கள். அவர் மகளிடம் பென்சிலைக் கொடுத்து, "அம்மிணி, ஒரு கணக்குப் போடு. ஒரு பையன் கணக்குல 85, மத்த ரெண்டுலயும் 95. இன்னொருத்தி கணக்குல 95, மத்த ரெண்டுலயும் 85. ஆருக்கு முதல்ல சீட்டு?" என்றார். மொத்தமாகக் கூட்டினால் பையனுக்கு 275, பெண்ணுக்கு 265. ஆனால் கட்-ஆஃப் போட்டால் இரண்டு பேருக்கும் 180. சமமாக வந்தால் முதலில் கணக்கு மார்க்கைத்தான் பார்ப்பார்கள், ஆகவே பத்து மார்க் குறைவாக எடுத்த பெண்தான் தரவரிசையில் மேலே. மகள் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். கணக்கில் ஒரு மார்க் என்பது இயற்பியலில் இரண்டு மார்க் என்று இத்தனை வருடம் யாரும் அவளுக்கு இப்படிக் காட்டவில்லை, எனக்கும்தான். ஒன்பதாவது, பத்தாவதில் இயற்கணிதம் உறுதியாக இருந்தால்தான் பிளஸ் ஒன் கணக்கில் தடுமாறாமல் போக முடியும், அதனால் இந்த இரண்டு வருடமும் அவளுக்கு ஒரே ஒரு பாடத்தில்தான் கூடுதல் நேரம் எழுதினார், கணக்கில். ஐந்து பாடத்துக்கும் டியூஷன் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது அங்கேயே அடிபட்டுப் போனது. மாதாமாதம் மிச்சமாகும் டியூஷன் காசைக் கணக்குப் பார்த்தால் அமர்வுக்குக் கொடுத்த 1,500 ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் எல்லாப் படிப்புக்கும் இதே கணக்கு இல்லை என்பதையும் சொன்னார். அரசு கலைக் கல்லூரிகளில் மொழிப்பாடம் போக மீதி நான்கு பாடத்தையும் கூட்டி 400க்குப் பார்க்கிறார்கள், அங்கே கணக்குக்கு என்று தனி மவுசு கிடையாது. பி.ஏ. தமிழ் படிக்க ஆசைப்பட்டால் தமிழ் மார்க்தான் பேசும். என்ஐடி மாதிரி மத்திய அரசு இன்ஜினியரிங் கல்லூரிப் பக்கம் போக வேண்டுமென்றால் ஜேஇஇ நுழைவுத் தேர்வு ரேங்க் மட்டும் போதாது, பிளஸ் டூவில் 75 சதவீதமும் கேட்பார்கள். அங்கே தமிழ், இங்கிலீஷை உதறிவிட முடியாது.

குரூப் தேர்வில் நம் பக்கத்து வீடுகளில் நடக்கும் சண்டை தெரிந்ததுதான். பயாலஜியும் கணக்கும் சேர்ந்த குரூப் எடுத்தால் இரண்டு கதவும் திறந்திருக்கும் என்று சொல்லிச் சொல்லி, டாக்டர் ஆசை துளிகூட இல்லாத பிள்ளைகளையும் தவளைப் படம் வரைய வைத்துவிடுகிறோம். வாத்தியார் இதில் ஒரு பக்கம் சாயவில்லை. மகளிடம் நீட் எழுதும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்டார், அவள் இல்லை என்றாள், அப்படியானால் கால்நடை மருத்துவமோ வேளாண்மையோ பிடிக்குமா என்றார். இது எனக்குப் புதிதாக இருந்தது. கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டில் நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான், அந்தக் கல்லூரி நாமக்கல்லிலும் இருக்கிறது, உடுமலையிலும் இருக்கிறது. கோயமுத்தூர் வேளாண் பல்கலையிலும் மாநிலச் சேர்க்கை பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். பயாலஜி என்றாலே நீட் என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். மகள் மாட்டைத் தூரத்தில் நின்று ரசிக்கிற ரகம், எனவே கணக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் என்று பென்சிலில் எழுதினார். பேனாவில் எழுதவில்லை, பத்தாவது அரையாண்டுக்குப் பிறகு மறுபடி பார்த்துக்கொள்ளலாமாம்.

அடுத்ததாக அவர் கேட்டது ஆதார் அட்டை. எதற்கு என்று புரியாமல்தான் எடுத்துக் கொடுத்தோம். மகள் பெயருக்கு ஆதாரில் இனிஷியல் பின்னால் இருந்தது, பள்ளி அடையாள அட்டையில் முன்னால் இருந்தது, போதாததற்கு ஆங்கிலத்தில் ஒன்றில் ஒரு எச் கூடுதல். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் பள்ளியிலிருந்து போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள் என்றார், மார்க் ஷீட்டில் அச்சாகி வந்துவிட்டால் அப்புறம் திருத்துவது பெரும்பாடு, அந்தப் பெயர்தான் கல்லூரி, பாஸ்போர்ட், வேலை என்று எல்லா இடத்துக்கும் கூடவே வரும். அட்டவணையில் ஒன்பதாம் வகுப்புக் கட்டத்தில் அவர் முதலில் எழுதியது ஒரு பாடத்தின் பெயரும் இல்லை, 'பெயர், பிறந்த தேதி சரிபார்க்க' என்பதுதான். அதற்குக் கீழே சாதிச் சான்றிதழ் இ-சேவையில் எடுத்து வைக்கச் சொல்லி எழுதினார். வருமானச் சான்றிதழை இப்போதே எடுத்து வீணாக்க வேண்டாம், தேவைப்படும் வருடத்தில் எடுத்தால் போதும். முதல் பட்டதாரி சான்றிதழ் எங்களுக்குக் கிடையாது, என் மனைவி பி.காம். தங்கை வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை, அவர்களுக்கு உண்டு, கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும்.

தங்கை மகன் விஷயத்துக்கு வருகிறேன், இந்த அமர்வுக்கு நான் நல்ல மார்க் போடுவதற்கே காரணம் அதுதான். அவனைப் பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பதென்று மாப்பிள்ளை முடிவே பண்ணி, முன்பணத்துக்குச் சீட்டு எடுக்கவும் தயாராக இருந்தார். பையன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. வாத்தியார் அதைக் கேட்டதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, அஞ்சு வருசம் சேர்த்து வச்ச பாத்தியதைய இப்படிக் காசு கொடுத்துத் தொலைக்கறீங்களே" என்றார். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது, மருத்துவத்துக்கு 2020லும் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு 2021லும் வந்தது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. இடையில் இரண்டு வருடம் தனியார் பள்ளிக்குப் போனாலும் அந்த வழி அடைந்துவிடும். தவிர, கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்காகத் தொடங்கியது, 2024 ஆகஸ்டில் நம்ம கோயமுத்தூரில் வைத்துத்தான் தொடங்கினார்கள், பெண்களுக்கான புதுமைப் பெண் அதற்கு முன்பே 2022ல் வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு ஒதுக்கீடு என்று ஒன்று இருப்பது காதில் விழுந்திருக்கிறது, ஆனால் பிளஸ் ஒன், பிளஸ் டூவும் அதே அரசுப் பள்ளிகளில் முடித்தால்தான் உண்டு என்பது தெரியாது. எங்கள் சொந்தத்திலேயே இப்படி மாற்றிவிட்டுப் பிறகு தலையில் கை வைத்தவர்கள் இருக்கிறார்கள். பையன் இப்போது அதே பள்ளியில்தான் தொடரப் போகிறான், மிச்சமாகிற காசில் கணக்குக்கும் இயற்பியலுக்கும் மட்டும் வெளியில் டியூஷன்.

இதே மையத்தின் இன்னொரு முகம், வாத்தியார் அறையை விட்டு வெளியே வந்ததும் தெரிந்தது. அந்த ஆலோசகர் பெண் ஒரு கட்டு வண்ணப் புத்தகங்களை மேஜையில் பரப்பினார், எல்லாமே விடுதிப் பள்ளிகளும் தனியார் கல்லூரிகளும். மகளுக்கு ஜேஇஇ ஃபவுண்டேஷன் இப்போதே ஆரம்பித்தால் சலுகை, பையனுக்குப் பள்ளிப் பாடமும் நுழைவுத் தேர்வுப் பயிற்சியும் சேர்ந்த 'ஒருங்கிணைந்த வகுப்பு' உள்ள விடுதிப் பள்ளி. வாத்தியார் வேண்டாம் என்று சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது! பிளஸ் ஒன் பொதுத் தேர்வுதான் எடுத்துவிட்டார்களே, அதனால் பதினொன்றிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்து இரண்டு வருடமும் அதையே படிக்க வைக்கும் பள்ளிகள் இருக்கின்றன, மார்க் அள்ளலாம் என்று வேறு சொன்னார். இதைக் கேட்டதும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. பிராய்லர் பள்ளி என்று நம் பக்கத்துக்கு ஒரு காலத்தில் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்த வேலை இதுதான். அதைத் தடுக்க வேண்டும் என்பதும் ஒரு காரணமாகத்தான் 2017-18ல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு கொண்டு வந்தார்கள், 2025-26லிருந்து அது இல்லை என்றானதும் பழைய கடையைத் திறக்கப் பார்க்கிறார்கள். நீட்டிலும் ஜேஇஇயிலும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது, இன்ஜினியரிங் முதல் வருடக் கணக்கில் நுழைந்தால் பிளஸ் ஒன்னில் விட்டது அத்தனையும் முன்னால் வந்து நிற்கும். பொதுத் தேர்வு இல்லாததை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டு, பிளஸ் ஒன்னை நிதானமாகப் புரிந்து படிக்க வைப்போம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்துக்குக் கொடுக்கலாம் காசு.

இவர்களுக்கு அந்தப் பள்ளி, கல்லூரிகளிடமிருந்து ஏதாவது போகிறதா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மேஜை மேல் அரசுக் கல்லூரி ஒன்றின் தகவல்கூட இல்லை என்பதை மட்டும் சொல்கிறேன். ஈரோட்டிலேயே அரசு இன்ஜினியரிங் கல்லூரி இருக்கிறது, கோயமுத்தூரில் ஜிசிடி என்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது.

பேக்கேஜ் அட்டவணையின் மாதிரி ஒன்றையும் காட்டினார்கள். அச்சடித்தது, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி. அதில் டாக்டர், இன்ஜினியர் இரண்டு பாதைதான். பாலிடெக்னிக் என்ற வார்த்தையே இல்லை. பத்தாவது முடித்து டிப்ளமோ படித்துவிட்டு நேராக பி.இ. இரண்டாம் வருடத்தில் சேர்ந்தவர்கள் இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! சி.ஏ. பற்றியும் இல்லை. திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் ஈரோடு ஜவுளிக்கும் ஆடிட்டர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது, ஆனால் காமர்ஸ் குரூப் என்றால் மார்க் வராத பிள்ளைக்கு என்று ஒதுக்கி வைக்கிற புத்தி இன்னும் போகவில்லை. பிளஸ் டூ முடித்த கையோடு சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதலாம். நிஃப்ட் என்கிற மத்திய அரசு ஃபேஷன் கல்லூரியில் டிசைன் படிக்க எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை, நுழைவுத் தேர்வுதான். தறி ஓட்டுகிற வீட்டுப் பெண்ணுக்கு, சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, அங்கே பி.டெக். இருக்கிறது என்று சொல்லத் தோன்றியது வாத்தியாருக்கு மட்டும்தான். மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வீட்டில் கேட்கிற தறிச் சத்தமே போதுமாம் அவளுக்கு.

உதவித்தொகைத் தேர்வுகளும் அந்த அச்சடித்த தாளில் கிடையாது. வாத்தியார் தாளில் இருந்தது. கிராமப்புற அரசுப் பள்ளியில் படிக்கிறவர்களுக்கு ஒன்பதாவதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கும்போது தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு எழுதலாம், 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு வருடம் கொடுக்கிறார்கள், தனியார் பள்ளிப் பிள்ளைகளும் எழுதலாம், கேள்வி பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாட அளவில்தான். தமிழில் நன்றாக மார்க் எடுக்கிற பிள்ளைக்கு இதற்காகத் தனியாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை, பத்தாவது தமிழ்ப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் இருந்தால் போதும்.

கவுன்சலிங் நேரத்தில் கல்லூரி வரிசை போட்டுத் தருவதைப் பெரிய சேவை என்று சொல்லி, பேக்கேஜ் விலையில் பாதி அதற்குத்தான் என்கிறார்கள். அதில் ரகசியம் ஒன்றுமில்லை. போன வருடங்களில் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பது தமிழ்நாடு இன்ஜினியரிங் சேர்க்கைக்கான டிஎன்இஏ தளத்திலேயே இருக்கிறது. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் வரிசையில் போடலாம், எனவே கிடைக்காது என்று நாமே முடிவு பண்ணி நல்ல கல்லூரியைக் கீழே தள்ள வேண்டியதில்லை, எது உண்மையில் பிடித்திருக்கிறதோ அதை மேலே போடுவதுதான் வழி. குழப்பமாக இருந்தால் மாவட்டத்துக்கு மாவட்டம் சேவை மையம் வைத்திருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்து கேட்கலாம், கட்டணம் இல்லை. என்ன, அங்கே ஏசி இருக்காது, காப்பி தர மாட்டார்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் முதல்வன் திட்டத்தில் பள்ளியிலேயே உயர்கல்வி வழிகாட்டுதல் நடக்கிறது, கல்லூரிக் கனவு என்று நிகழ்ச்சியும் வைக்கிறார்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417க்கு போன் செய்தால் எந்த குரூப்புக்கு என்ன படிப்பு என்று சொல்வார்கள், மகள் சும்மா சோதித்துப் பார்க்கிறேன் என்று போட்டாள், மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகவே பேசினார். ஆனால் ஒன்று, போனில் பேசுகிறவருக்கு உங்கள் ஆதாரில் எச் ஒன்று கூடுதலாக இருப்பது தெரியாது. எதிரில் உட்கார்ந்து பேப்பரைப் பார்க்கிற ஆள் என்பதற்காகத்தான் அந்த 1,500ஐக் கொடுக்கலாம் என்கிறேன்.

வாட்ஸ்அப் குரூப்பில் எங்கள் தெருக்காரர் ஒருவர் இருக்கிறார், பேக்கேஜ் கட்டியவர். காலையில் ஒரு பொன்மொழி, சாயங்காலம் ஏதாவது தனியார் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குக் கடைசித் தேதி, அவ்வளவுதானாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் என்றது இன்னும் வரவில்லை என்று சொன்னார்.

போகிறவர்கள் பிள்ளையின் கடைசி இரண்டு தேர்வு மார்க், ஆதார், பிறப்புச் சான்றிதழ், பள்ளி அடையாள அட்டை எல்லாம் எடுத்துப் போங்கள், பிள்ளையையும் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர் பெற்றோரிடம் பேசுவதைவிடப் பிள்ளையிடம்தான் அதிகம் பேசுகிறார். சனி, ஞாயிறு கூட்டம் நெரிகிறது, அந்த நாட்களில் அவர் வருவதும் இல்லை, அட்டை மாட்டிய பெண்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். வார நாளில் மதியத்துக்கு மேல் வருகிறார், முதலில் போன் செய்து வாத்தியார் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ரசீது கேட்டால்தான் தருகிறார்கள், கேட்டு வாங்குங்கள். தாளை அவரே மடித்து உறையில் போட்டுத் தருவார், அதை எடுத்துக்கொண்டு வாத்தியார் அறையிலிருந்து நேராகப் படியிறங்கிவிடுங்கள், மேஜைப் பக்கம் உட்கார வேண்டாம்.